சிவப்புச் சாயம் தேடிய சென்னை டாக்டர்

கள்ளிச் செடியையும் பூச்சியையும் நம்பி வாழ்ந்த ஆண்டர்சனின் கதை

ஒரு பவுண்டு சாயத்துக்கு 70 ஆயிரம் பூச்சிகள்!

நம்ப முடிகிறதா? ஆனால் உண்மை. அந்தக் காலத்தில் சீமைத் துரைமார் அணிந்த பளபளப்பான சிவப்புக் கோட்டுக்கு நிறம் கொடுத்தது ஒரு சின்னஞ்சிறு பூச்சி. அதன் பெயர் கொச்சினீல். மிளகு அளவுதான் இருக்கும். கள்ளிச் செடியின் மேல் ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி வாழும். அதைச் சுரண்டி எடுத்து, காயவைத்துப் பொடி செய்தால் ரத்தச் சிவப்பாகச் சாயம் கிடைக்கும்.

அந்தப் பூச்சியைச் சென்னைக்குக் கொண்டுவந்து விடவேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். வயதான காலம் முழுவதையும் அந்த ஆசையிலேயே கழித்தார். அவர் நினைத்தது நடக்கவில்லை. அவர் நினைக்காத ஒன்று நடந்தது. அதுதான் இந்தக் கதை.

கப்பலில் வந்த வைத்தியர்

அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1738ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்தில், எடின்பரோ நகரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். வைத்தியம் படித்தார். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார். 1760களில் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, சென்னை ராஜதானியின் தலைமை வைத்தியர் ஆனார்.

அந்தக் காலத்து வைத்தியருக்குச் செடி கொடிகளைத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தெல்லாம் வேரிலும் பட்டையிலும்தானே இருந்தது! ஆகவே வைத்தியர்களே தாவர ஆராய்ச்சியாளர்களாகவும் இருந்தார்கள். ஆண்டர்சனுக்கு அந்தப் பித்து கொஞ்சம் அதிகம். நுங்கம்பாக்கத்தில் பரந்த தோட்டம் ஒன்று போட்டார். முசுக்கட்டைச் செடி வைத்துப் பட்டுப்பூச்சி வளர்க்கலாம் என்றார். கரும்பு, காப்பி, அமெரிக்கப் பருத்தி என்று எதைக் கேள்விப்பட்டாலும் நட்டுப் பார்த்தார். இன்றைக்கும் நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆண்டர்சன் யார் என்று தெரியும்?

அவர் வாழ்ந்த காலம் நல்ல காலம் அல்ல. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படை நொறுங்கிப் போனது. ஊர்கள் எரிந்தன. அதையடுத்துப் பஞ்சம். கூட்டம் கூட்டமாக மக்கள் சென்னைக்குள் வந்து விழுந்தார்கள். அப்போது நகரத்தில் வைத்தியராக இருந்தவர் இவர்.

புல்லில் கண்ட பூச்சி

1786ஆம் ஆண்டுக் கடைசியில் ஒருநாள், சென்னையில் உவர் நிலத்துப் புல் ஒன்றின்மேல் சிறு பூச்சிகளை ஆண்டர்சன் கண்டார். நசுக்கினால் சிவப்பு! அவருக்குத் தலைகால் புரியவில்லை. கொச்சினீல் கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்தார்.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சிவப்பு அப்போது தங்கத்துக்கு நிகரான சரக்கு. மெக்ஸிகோ நாட்டு மக்கள் நெடுங்காலமாக அந்தப் பூச்சியை வளர்த்து வந்தார்கள். அந்த நாட்டைப் பிடித்த ஸ்பெயின்காரர்கள் வியாபாரம் முழுவதையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். உயிருள்ள பூச்சி ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்று காவல் போட்டார்கள். வேண்டுமானால் காய்ந்த பூச்சியை அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

1777இல் தியெரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் துணிந்து மெக்ஸிகோவுக்குள் போனார். ஒவாஹாக்கா என்ற ஊரில் கள்ளியோடு பூச்சியை வாங்கி, பெட்டிகளில் மறைத்துக் கடத்தி வந்தார். பிரெஞ்சுத் தீவு ஒன்றில் வளர்த்தும் காட்டினார். ஆனால் மூன்றே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். அவருடைய பூச்சிகளும் நிலைக்கவில்லை.

ஆண்டர்சன் தாம் கண்டதை லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அங்கே விஞ்ஞானிகளுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் சர் ஜோசப் பாங்க்ஸ். கடிதத்துக்கு மேல் கடிதம் பறந்தது. அதோடு நிற்காமல், அந்தக் கடிதங்களைச் சென்னையிலேயே அச்சடித்துப் புத்தகமாகவும் போட்டார்! கொஞ்சம் அவசரக்காரர்தான்.

சீமையில் சோதித்துப் பார்த்தார்கள். சென்னைப் புல்லுப் பூச்சியில் நல்ல சாயம் இல்லை என்று பதில் வந்தது. வேறு ஒருவராக இருந்தால் வெட்கப்பட்டு விட்டுவிடுவார். இவர் விடவில்லை. சரி, நம் ஊர்ப் பூச்சி உதவாது என்றால் அசல் பூச்சியையே கொண்டுவருவோம் என்று கிளம்பினார். கும்பினியாரும் அந்த யோசனைக்கு ஆதரவு காட்டினார்கள். பூச்சியை உயிரோடு கொண்டுவருபவருக்குப் பெரிய பரிசு என்றும் அறிவித்தார்கள்.

சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம்

விருந்தாளி வருமுன் வீட்டில் அரிசி இருக்கவேண்டும் அல்லவா? பூச்சி வருமுன் கள்ளி வேண்டும். மெக்ஸிகோவில் அந்தப் பூச்சிக்கென்றே வளர்க்கும் கள்ளிக்கு நோபால் என்று பெயர். நம் சப்பாத்திக்கள்ளிக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். லண்டன் அருகே கியூ என்ற இடத்தில் உள்ள ராஜ தோட்டத்திலிருந்து நோபால் செடிகள் கப்பலில் வந்தன. மணிலா பக்கத்திலிருந்தும் வகை வகையாகக் கள்ளிகள் வந்தன.

சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைப் பக்கம் தோட்டம் போடப்பட்டது. அந்த இடத்தை வெள்ளைக்காரர்கள் மார்மலாங் என்று சொல்வார்கள். மாம்பலம் என்ற பெயர் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது! இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்த பழைய பாலத்துக்கும் மார்மலாங் பாலம் என்றே பெயர். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆண்டர்சன் தம் உறவினரான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரியை நியமித்தார்.

ஆண்டுகள் ஓடின. கள்ளி வளர்ந்தது. பூச்சி வரவில்லை.

சும்மா இருக்கும் கள்ளியை என்ன செய்வது? அதற்கும் ஆண்டர்சன் ஒரு வழி கண்டார். நெடுங்கடல் போகும் மாலுமிகளுக்குப் பச்சைக் காய்கறி இல்லாமல் ஸ்கர்வி என்ற நோய் வரும். பல் ஈறு வீங்கி ரத்தம் கசியும். ஆள் துவண்டு சாவான். நோபால் மடல் வெட்டினாலும் வெகுநாள் வாடாது. அதைக் கப்பலில் ஏற்றிக் கறியாகச் சமைத்துச் சாப்பிட்டால் நோய் வராது என்றார். இது நல்ல யோசனைதான்.

ரியோ நகரத்தில் ஒரு மாலை

1795ஆம் ஆண்டு. கேப்டன் நீல்சன் என்ற பட்டாள அதிகாரி இந்தியாவுக்கு வரும் வழியில், அவருடைய கப்பல் பிரேசில் நாட்டு ரியோ துறைமுகத்தில் நின்றது. நீல்சன் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே கள்ளித் தோட்டம்! கள்ளியின்மேல் வெள்ளைப் பஞ்சு போல அப்பிய பூச்சிகள்!

நீல்சன் முன்பு சென்னையில் இருந்தவர். பூச்சிக்காக ஏங்கிக் கிடக்கும் டாக்டர் ஆண்டர்சனை அவர் மறக்கவில்லை. சில செடிகளைப் பூச்சியோடு கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். கடல் பயணத்தில் செடிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பூச்சிகளும் செத்தன. கல்கத்தாவில் இறங்கும்போது மிஞ்சியவை சில பூச்சிகள்தாம்.

அவை கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் டாக்டர் ராக்ஸ்பரோ கையில் போய்ச் சேர்ந்தன. அவரும் பழைய சென்னை வைத்தியர். இங்கேதான் கதையில் வேடிக்கை. அரும்பாடு பட்டுச் சீமையிலிருந்து தருவித்த உயர்ந்த நோபால் கள்ளியின்மேல் பூச்சியை விட்டார்கள். பூச்சி அதைத் தொடவில்லை. பட்டினி கிடந்து செத்தது. வேலியோரம் கேட்பாரற்றுக் கிடந்த நாட்டுக் கள்ளியின்மேல் விட்டார்கள். பூச்சி கொழுத்துப் பல்கிப் பெருகியது!

ஏன் அப்படி?

வேலிக் கள்ளி என்று சொன்னோமே, அது உண்மையில் நம் நாட்டுச் செடியே அல்ல. தென் அமெரிக்காவில் பிரேசில் பக்கத்துச் செடி. கப்பல்களில் எப்போதோ இங்கே வந்தது. வயலுக்கு வேலியாக வைத்தார்கள். ஒரு மடல் ஒடிந்து விழுந்தால் அதுவே வேர்விட்டுப் புதுச் செடியாகும். பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கெங்கோ போட்டன. கேட்க ஆள் இல்லை. பிரேசிலில் அதைத் தின்னும் பூச்சிகள் பல இருந்தன. அவை கடலுக்கு அப்பால் தங்கிவிட்டன. எதிரி இல்லாத ஊரில் கள்ளி ராஜாவாகிவிட்டது.

இப்போது நீல்சன் கொண்டுவந்த பூச்சி எங்கிருந்து வந்தது? அதே பிரேசிலிலிருந்து! தன் ஊர்ச் செடியை அது பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டது. மெக்ஸிகோ நோபால் அதற்கு அந்நியம்.

அது மெக்ஸிகோவின் அசல் சாயப் பூச்சி அல்ல. அதன் காட்டு இனம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். சாயத்தில் மட்டம்.

நம் வீட்டுச் செம்பருத்தியில் மாவு பூசினாற்போல வெள்ளைப் பூச்சி அப்புவதைத் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். மாவுப்பூச்சி என்கிறோமே, அதற்கு இது தூரத்துச் சொந்தம். அரக்குப் பூச்சியும் இந்தக் கூட்டம்தான். மழைக்காலத்தில் தரையில் ஊரும் வெல்வெட்டுப் போன்ற சிவப்புப் பூச்சி வேறு. குழந்தைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெண் பூச்சிக்குச் சிறகு இல்லை. ஊசி போன்ற வாயைக் கள்ளி மடலில் இறக்கிவிட்டால், பிறகு அந்த இடத்தை விட்டு அசையாது. வெள்ளை மெழுகுப் பஞ்சைப் போர்த்திக்கொள்ளும். ஆண் பூச்சி மிகச் சிறியது, சிறகு உண்டு, சில நாட்களே வாழும். குஞ்சுகள் காற்றில் பறந்து அடுத்த செடிக்குப் போகும். ஒன்று இரண்டு உறிஞ்சினால் கள்ளிக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில் உறிஞ்சினால் மடல் மஞ்சளாகும், தொங்கும், அழுகி விழும்.

சாயம் போச்சு, கள்ளியும் போச்சு

பூச்சி சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ஆண்டர்சனுக்கு அப்போது வயது 57. பூச்சி பெருகியது. சில ஆண்டுகள் கும்பினியார் அதை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். மெக்ஸிகோச் சரக்கின் பக்கத்தில் அது நிற்க முடியவில்லை. விலை போகவில்லை. போதாக்குறைக்கு, பூச்சி தன் கள்ளியையே தின்று தீர்த்தது. கள்ளி போனால் பூச்சிக்குச் சோறு ஏது?

1800ஆம் ஆண்டில் சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். செடிகள் பெங்களூருக்குப் போயின. அங்கே லால்பாக் தோட்டத்தில், டாக்டர் ஹெய்ன் என்பவர் பொறுப்பில் அவை வைக்கப்பட்டன.

பதினான்கு ஆண்டுக் கனவு அப்படி முடிந்தது. ஆண்டர்சன் மேலும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். 1809 ஆகஸ்டில் சென்னையிலேயே இறந்தார். வயது 71. வைத்திய நண்பர்கள் பணம் போட்டு, சாண்ட்ரி என்ற புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு சிலை செய்வித்தார்கள். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அந்தச் சிலை இருக்கிறது.

கதை இங்கே முடியவில்லை!

பூச்சியே ஆயுதம்

சாயத்துக்காக வந்த பூச்சி வட இந்தியாவில் வேலை செய்துகொண்டே இருந்தது. காடாக மண்டிக்கிடந்த கள்ளி அங்கே கரைந்தது. விவசாயிகளுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை உதித்தது. சாயத்துக்கு உதவாவிட்டால் என்ன? கள்ளியை அழிக்க உதவுமே!

1836 முதல் 1838 வரை, வடக்கிலிருந்து பூச்சியைத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்து, வேண்டுமென்றே கள்ளியின்மேல் விட்டார்கள். களையை அழிக்க ஒரு பூச்சியைத் தெரிந்தே ஏவியது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். 1860களில் அதே பூச்சி இலங்கைக்குப் போனது. அங்கும் அதே கள்ளியை ஒழித்தது. 1914ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் போய் இறங்கியது.

ஆஸ்திரேலியாவில் வேறு ஒரு வகைக் கள்ளி சுமார் 6 கோடி ஏக்கர் நிலத்தை விழுங்கியிருந்தது. வீட்டைப் போட்டுவிட்டுக் குடியானவர்கள் ஓடினார்கள். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அதன் புழுக்கள் கள்ளிக்குள் புகுந்து குடைந்து தின்றன. பத்து ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி நிலம் வெளுத்துவிட்டது.

மண்ணூர் வேலிக்கு வந்த விடிவு

நம் பக்கம் என்ன ஆயிற்று? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மண்ணூர் என்ற ஊர். இன்று ஒரகடம் வரை மோட்டார் தொழிற்சாலைகளும் லாரிகளுமாக இருக்கும் வட்டாரம். தொழிற்சாலைகள் வருமுன் அங்கே ஏரியும் வயலும் மேய்ச்சல் நிலமும்தான். சென்னை ராஜதானியின் வறண்ட நிலமெங்கும் வேலியாகவும் களையாகவும் கிடந்தது சப்பாத்திக்கள்ளி.

ஆண்டர்சன் காலத்துப் பூச்சி அதைத் தொடாது! ஏனென்றால் இது வேறு இனம். முள் அதிகம், பூ மஞ்சள். பழம் சிவந்து இனிக்கும். அவசரப்பட்டுக் கடித்தால் நாக்கில் சுணை ஏறும். ஒரு கள்ளி ஒழிந்த இடத்தில் இந்தக் கள்ளி காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. கள்ளிப் புதரில் பாம்பு குடியிருந்தது. மாட்டின் வாய் புண்ணாயிற்று. வெட்டினால் வெட்டின துண்டெல்லாம் முளைத்தது.

பொருத்தமான பூச்சி வேண்டும். அது 1926இல் இலங்கையிலிருந்து வந்தது. இதுவும் கொச்சினீல் கூட்டம்தான். ஆனால் சப்பாத்திக்கள்ளியைத் தேடித் தின்னும் இனம். பூச்சி அப்பிய மடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் புதர்களின்மேல் வைத்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் தென்னாட்டுக் கள்ளிக் காடுகள் சரிந்தன. மருந்து இல்லை, பெரிய செலவு இல்லை. பூச்சி வயிறு நிரம்பத் தின்றது, அவ்வளவுதான். கள்ளி அடியோடு அழியவில்லை. இன்றும் ஏரிக்கரைகளில் ஒன்றிரண்டு புதர் பார்க்கலாம். பூச்சிக்குக் கொஞ்சம் சோறு மிச்சம்.

பூச்சிக்கும் எதிரி உண்டு

பூச்சி கள்ளியைத் தின்கிறது. பூச்சியை யார் தின்பது? பொறிவண்டு!

ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்று உண்டு. 1898இல் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பிச் செடியில் பச்சைச் செதிள் பூச்சியை ஒழிக்கும் என்று நம்பினார்கள். அந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை. ஆனால் மாவுப்பூச்சியை ஆவலோடு தின்று இங்கேயே தங்கிவிட்டது. தென் ஆப்பிரிக்காவிலும் மாவுப்பூச்சிக்காக அதே வண்டை விட்டிருந்தார்கள். பிறகு 1938இல் கள்ளியை ஒழிக்கக் கொச்சினீலைக் கொண்டுபோனபோது வம்பு வந்தது. கள்ளிக்காக விட்ட பூச்சியை, மாவுப்பூச்சிக்காக விட்ட வண்டு தின்னத் தொடங்கியது! விவசாயிக்கு இரண்டுமே நண்பர்கள்தான். யாருக்கு அவர் பரிந்து பேசுவார்?

ஆண்டர்சன் ஆசைப்பட்ட அந்தச் சிவப்பு, பூச்சிக்கு எதற்கு? கோட்டுக்குச் சாயம் போடவா அது தன் உடம்பில் சிவப்பை வைத்திருக்கிறது? 1980இல் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் ஐஸ்னர் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து சொன்னார்கள். அந்தச் சிவப்புப் பொருள் எறும்புக்குப் பிடிக்காது. எறும்பு கிட்டே வந்து, சுவைத்து, விலகிப் போகும். ஓட முடியாத பூச்சிக்கு அதுவே கவசம்.

அந்தக் கவசத்துக்கும் ஒரு திருடன் இருக்கிறான். ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு, கொச்சினீலைச் சிவப்போடு சேர்த்து விழுங்கும். தன்னை எறும்பு தாக்கினால், விழுங்கிய சிவப்பையே எறும்பின்மேல் கக்கும். எறும்பு ஓட்டம் பிடிக்கும்! பகைவனின் கத்தியைப் பிடுங்கி இன்னொரு பகைவனை விரட்டுவது போல.

கள்ளி, கள்ளியை உறிஞ்சும் பூச்சி, பூச்சியைத் தின்னும் வண்டும் புழுவும், எல்லாவற்றையும் சுற்றிவரும் எறும்பு. இந்தச் சங்கிலியில் கைவைக்கிறோம் என்று ஆண்டர்சனுக்குத் தெரியாது. அவர் காலத்தில் யாருக்குமே தெரியாது.

இன்றைய சிவப்பு

1856க்குப் பிறகு, நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பூச்சிச் சாயத்தின் விலை சரிந்தது. ஸ்பெயின்காரர்கள் காவல் போட்ட ரகசியத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. ஆனால் அந்தத் தொழில் செத்துவிடவில்லை. பெரு நாட்டில் இன்றும் கள்ளித் தோட்டங்களில் கொச்சினீல் வளர்க்கிறார்கள். உதட்டுச் சாயத்திலும், சில மிட்டாய், பானங்களிலும் அந்தச் சிவப்பு சேர்கிறது. மாமிசம் உண்ணாதவர்கள் சிலர் இதை அறிந்து திடுக்கிடுவது உண்டு.

சைதாப்பேட்டையில் நோபால் தோட்டம் இருந்த பக்கமெல்லாம் இன்று வீடுகளும் கடைகளும். அங்கிருந்து பரங்கிமலை, பூந்தமல்லி வழியாக மண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள், எங்காவது கரையோரத்தில் சப்பாத்திக்கள்ளியைக் கண்டால் சற்று நின்று பார்க்கலாம். மடலில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கிறதா? முள் படாமல் ஒரு குச்சியால் அதை நசுக்கினால் குச்சி நுனி ரத்தமாகச் சிவக்கும்.